ஈசான மூலையில் பாறை

களுதாவளை
12.02.1993

பெருமதிப்புக்குரிய சம்பந்தியம்மா சீதேவிப்பிள்ளை அவர்களுக்கு,

பிள்ளையாரின் காவலில் நானும் என் மனைவியும் இக்கரையில் குறைவின்றி இருக்கிறோம். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் தாங்களும், என் மகன் வினாயகமூர்த்தியும், மருமகள் பூரணியும், இளையவள் சின்னத்தங்கமும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன்.

கலியாணம் முடிந்த நாள்முதல் மகனை நான் காணவில்லை. வாவியைக் கடக்கும் துறையில் ஆமிக்காரரின் சோதனை தாங்கள் அறிந்ததே. இளவயதுப் பிள்ளைகள் இந்நாட்களில் துறையைக் கடக்காமல் இருப்பதுதான் நல்லது. சுவாமியாரின் நிவாரண லொறி ஓட்டும் றோய்தான் எனக்கு அவனுடைய முகம், குரல், சுகச்செய்தி எல்லாம். அவர் சென்ற கிழமை சொன்ன ஒரு செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. என் மகன் காவுதடியில் இரண்டு தகரம் தண்ணீர் தொங்கவிட்டு, பள்ளத்து ஆற்றிலிருந்து மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தானாம்.

தாங்கள் சீதனமாகக் கொடுத்த வீட்டில் எல்லாம் இருக்கிறது, கிணறு மட்டும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொல்கிறேன். எங்கள் ஊரில் கிணறு தோண்டுவது ஒரு வேலையே அல்ல. காலையில் மணலைக் கிளறினால் மத்தியானம் தண்ணீர், மாலையில் சீமெந்து வளையக் கொட்டு இறக்கிவிட்டுக் குளிக்கலாம். ஆகவே கிணறு என் செலவு. என் தோட்டத்தில் வேலை செய்யும் இருவரை அனுப்புகிறேன். வீட்டின் ஈசான மூலையில், குசினிக்குப் பக்கத்தில் தோண்டட்டும். சாஸ்திரமும் அதுதான், மருமகளுக்கு வசதியும் அதுதான். வேறு நல்ல இடம் இருந்தாலும் தெரிவிக்கவும்.

தங்கள் நலம் நாடும்,
கதிர்காமத்தம்பி

*

இத்திக்கல்மடு
28.02.1993

களுதாவளைச் சம்பந்தியார் கதிர்காமத்தம்பி அவர்களுக்கு,

கடிதம் றோய் கையால் கிடைத்தது. இங்கு எல்லோருக்கும் சுகம். மாரி வேளாண்மை வெட்டியாயிற்று. வயல் வட்டைக்குள் இறங்கிய யானைக்கு ஒரு பங்கும் குருவிக்கு ஒரு பங்கும் போக, வேளாண்மை செய்த எங்களுக்கும் கொஞ்சம் மிஞ்சியது.

நீங்கள் கிணறு தரப்போவது சந்தோஷம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஊர் கடல் ஒதுக்கிவிட்ட மணல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நீங்கள். தண்ணீர் வராவிட்டால்தான் புதினம். எங்கள் ஊர் அப்படி அல்ல. எங்களுக்கு மேலே இத்திமலை நிற்கிறது. மலை என்பது பேருக்குத்தான். யானை படுத்ததுபோல ஒரு மொட்டைப் பாறை, வெடிப்புக்குள் ஒரு இத்தி மரம், அவ்வளவுதான். ஆனால் வெளியே தெரிவது அதன் முதுகு மட்டும். மற்ற உடம்பெல்லாம் எங்கள் வளவுகளுக்குக் கீழே நீட்டிப் படுத்திருக்கிறது. மேலே ஒரு முழம் செம்மண், அதன்கீழ் கிறவல், அதன்கீழ் யானை. கால் எங்கே, வால் எங்கே என்று தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்தில் மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்தார். ஒன்றில் இப்போது விறகு அடுக்கியிருக்கிறோம், மழை படாது. ஒன்றில் உடும்பு குடியிருக்கிறது. மூன்றாவதற்குள் எங்கள் நாம்பன் மாடு விழுந்து, அதைத் தூக்கி எடுத்த நாளோடு அவர் கிணறு தோண்டுவதை விட்டுவிட்டார்.

வேறு நல்ல இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்து இல்லை.

ஆட்களை அனுப்புவதானால் பாறை குத்த அலவாங்கும் கொடுத்து அனுப்பவும். சம்பந்தியம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
சீதேவிப்பிள்ளை

*

இத்திக்கல்மடு
18.04.1993

சம்பந்தியார் அவர்களுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் பதில் எழுதவில்லை, பதிலுக்கு ஆட்கள் வந்தார்கள். ஆளுக்கொரு மண்வெட்டி கொண்டுவந்தார்கள், அலவாங்கு கொண்டுவரவில்லை. எனது அலவாங்கைக் கொடுத்தேன். மூத்தவர் அதை வாங்கிக்கொண்டு, பாறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். "நீங்க நிக்கிற இடந்தான்" என்றேன்.

நீங்கள் சொன்ன ஈசான மூலையிலேயே தோண்டினார்கள். செம்மண் போனது, கிறவல் போனது, ஓர் ஆள் உயரத்துக்கு மேல் போனது. அந்த இடத்தில் மண்ணுக்குள் பளபளவென்று மின்னியது. இரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் குழிக்குள்ளேயே குந்தியிருந்து இரகசியம் பேசினார்கள். பிறகு ஒருவர் மாறி ஒருவராக மேலே வந்து சாரத்து மடியைப் பிடித்துக்கொண்டு பற்றைப் பக்கம் போனார்கள். பொன் கண்டதாக அவர்கள் எண்ணம். அது காக்காப்பொன், எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் கிடைக்கும், பிள்ளைகள் சோறு கறி ஆக்கி விளையாடுகிற சாமான் என்று சின்னத்தங்கம் சொன்ன பிறகு இளையவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் யானை வந்துவிட்டது. கழுவி வைத்த தட்டுப்போலக் கரும்பாறை, நடுவில் வெள்ளைக் கோடு. அலவாங்கு பட்டால் நெருப்புப் பறக்கிறது. ஆட்களை அனுப்பிவிட்டேன்.

இதை உடைக்க வெடிமருந்து வேண்டும். ஒரு தரம் வைத்தால் போதும், பெரிய வெடியாக இருந்தால் நல்லது. இங்கே அது வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் கேட்டால் கிணற்றைப் பார்க்க வரமாட்டார்கள், மருமகனைப் பார்த்துத் தங்களோடு சேர்த்துக்கொள்ளத்தான் வருவார்கள். ஆகையால் உங்கள் பக்கத்தில் வாங்கி றோயிடம் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
சீதேவிப்பிள்ளை

*

களுதாவளை
09.05.1993

பெருமதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கும், இக்கடிதத்தை இடையில் வாசிக்கக்கூடிய அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தங்கள் கடிதம் என் கைக்கு வருமுன் துறையில் வேறு சிலர் கைக்குப் போய்விட்டது. அவர்களில் ஒருவர் தமிழ் நன்றாக வாசிக்கக்கூடியவர். கடைசிப் பந்தியை எனக்கே உரத்து வாசித்துக் காட்டினார். அது விஷயமாக என்னை அழைத்து, காலை தொடங்கி வெயில் சாயும்வரை மரியாதையாக இருத்திவைத்து விசாரித்தார்கள். நான் வெங்காயமும் மிளகாயும் வைப்பவன் என்றும், என் சம்பந்தியம்மா பாறைமேல் வீடு கட்டிக் கொடுத்தவர் என்றும் விளங்கப்படுத்தினேன். நல்ல மனிதர்கள். ஈற்றில் விட்டுவிட்டார்கள்.

அந்தச் சாமானின் பெயரைத் தயவுசெய்து இனி எழுத வேண்டாம். கனவிலும் எழுத வேண்டாம். இது தொடர்பாக றோயிடம் வாயால் ஒரு விஷயம் சொல்லியனுப்புகிறேன். அவருக்குச் சோறு போடுமுன் கேட்டுக்கொள்ளவும். சாப்பிட்ட பிறகு அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது.

மற்றது, பாறையில் தண்ணீர் இல்லாதது யாருடைய குற்றமும் இல்லை. எங்கள் ஊரில் தண்ணீர் கிடந்து வீணாகிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கே வந்து இருப்பதானால் துறையைக் கடக்கும் வழியை நான் பார்த்துக்கொள்வேன். வளவில் சிறியதாக ஒரு வீடு போடலாம். இது என் மனதில் இப்போதுதான் தோன்றியது.

கச்சான் காற்றுக்கு எனக்கு முழங்கால் இரண்டும் பிடித்துக்கொண்டுள்ளது. மற்றும்படி சுகம்.

பணிவுடன்,
கதிர்காமத்தம்பி

*

இத்திக்கல்மடு
23.05.1993

சம்பந்தியார் அவர்களுக்கு,

முழங்காலுக்கு நொச்சி இலையை வதக்கிக் கட்டவும். இங்கு சுகத்தோடு ஒரு நல்ல செய்தியும் உண்டு. பூரணி முழுகாமல் இருக்கிறாள்.

றோய் வந்தார். நீங்கள் சொன்னபடி சோறு போடாமல் கேட்டேன். லொறியில் ஏறும்போது நினைவிருந்தது என்றார். வானத்தைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், "ஏதோ ஒரு இனிப்புச் சாமான் மாமி" என்றார். அதற்கு மேல் வரவில்லை. பசியாக்கும் என்று சோறு போட்டேன். அதன்பிறகு அதுவும் நினைவில்லை என்றார். ஆனால் எனக்கு விளங்கிவிட்டது. பூரணியின் செய்தி எப்படியோ உங்கள் காதுக்கு வந்து, என்ன இனிப்பு அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மனம் குளிர்ந்தது. அவளுக்கு வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை, கற்கண்டு மட்டும் கேட்கிறாள். ஆகையால் கற்கண்டு இரண்டு இறாத்தல் அனுப்பவும். கட்டி பெரிதாக இருந்தால் நல்லது. சின்னத்தங்கத்துக்கும் ஆசை, அயல் வீடுகளுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகள் அங்கே வருவதுபற்றி: எங்கள் வழமையில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் வருவார். உங்களுக்கும் இது தெரியாததல்ல. நீங்களே உங்கள் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறீர்கள்.

தண்ணீர் இல்லாத ஊர் என்று எங்களை நினைக்க வேண்டாம். மாரியில் இத்திமலையில் விழும் மழை அவ்வளவும் எங்களிடம்தான் வருகிறது. மொட்டைப் பாறையில் வழிந்து, அடிவாரத்துக் கிறவலுக்குள் இறங்கி, உள்ளே கிடக்கும் பாறையின் முதுகில் வழுக்கி, வெடிப்புக் கண்ட இடத்தில் நுழைந்து, நம் பிள்ளைகளின் வளவுக்குக் கீழால் பள்ளத்தை நோக்கிப் போகிறது. அதற்குப் பிறகு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. நான் படித்தவள் அல்ல.

இப்படிக்கு,
சீதேவிப்பிள்ளை

*

களுதாவளை
30.05.1993

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பேரப்பிள்ளை வரும் செய்தியில் என் மனைவி அழுதாள். நானும் அழுதிருப்பேன், அடுத்த பந்தியை வாசித்திராவிட்டால்.

தாங்கள் கேட்ட சாமானை நான் கையால் தொட்டவன் அல்ல. இரண்டு இறாத்தலா? கட்டி பெரிதாகவா? அதைக் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் வைப்பதா? சின்னத்தங்கத்தின் கையில் கொடுப்பதா? அயல் வீடுகளுக்கும் பகிர்ந்து கொடுத்தால் அந்த ஊர் என்னாகும் என்று யோசித்தீர்களா? என் குடும்பத்திலிருந்து ஒரு துண்டுகூட வராது. மருமகளுக்கு அந்த ஆசை வந்திருந்தால் நல்ல வைத்தியரிடம் காட்டவும்.

இதற்குமேல் எழுத முடியாது. முழங்கால் அப்படியே இருக்கிறது.

கதிர்காமத்தம்பி

*

இத்திக்கல்மடு
27.06.1993

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும் பூரணி எழுதுவது,

நானும் இவரும் சுகம். நீங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா மூன்று தரம் பதில் எழுதிக் கிழித்தா. ஒரு கர்ப்பிணிக்குக் கற்கண்டு கொடுக்க மனமில்லாத குடும்பத்தில் சம்பந்தம் செய்தேனே என்று தொடங்கி, உங்கள் ஊர்ப் பிள்ளையார்வரை போய்விட்டா. இவர் சாப்பிடாமல் எழும்பிப் போனார். இரண்டு வீட்டுக்கும் இடையில் நான் நடந்து நடந்து களைத்தேன்.

போன கிழமை றோய் அண்ணனின் லொறி எங்கள் ஒழுங்கையில் புதைந்தது. எல்லோரும் தள்ளிக்கொண்டிருக்கும்போது அவர் திடீரென்று இறங்கிவந்து, "மாமி, இனிமேல் அந்த மருந்தைக் கற்கண்டெண்டு எழுதச் சொன்னவர்" என்றார். எல்லோரும் தள்ளுவதை விட்டுவிட்டோம். லொறி திரும்பவும் புழுதிக்குள் போய்விட்டது. அம்மா விறுவிறென்று மாட்டுப்பட்டிப் பக்கம் போனா. அங்கிருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் வந்தா.

மாமா, இன்னொரு விஷயம். நான் சொன்னதாகத் தெரியக்கூடாது. பள்ளத்து வளவில், வட்டைக்கு மேலே, ஒரு மருத மரம் நிற்கிறது. இந்த வெயிலிலும் அதன் அடியில் மாட்டின் குளம்படி காய்வதில்லை. ஈரத்துக்கு வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து இருக்கும். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் அங்கேதான் வந்து நிற்கிறது என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மேட்டு வளவு எனக்கு, பள்ளத்து வளவு தங்கச்சிக்கு. தங்கச்சியின் சீதனத்தில் தண்ணீராவது இருக்கட்டும் என்று அம்மா வாய் திறக்காமல் இருக்கிறா. அவவிலும் பிழை இல்லை. அப்பா இல்லாமல் இரண்டு பெண்பிள்ளைகள்.

இவர் இப்போதும் பின்னேரத்தில் நீங்கள் தோண்டுவித்த குழிக்குள் இறங்கிப் பாறையில் அலவாங்கால் குத்துகிறார். பிரயோசனம் இல்லை என்று தெரியும். "அப்பா தந்த கிணறு" என்கிறார். நான் இந்த ஊரை விட்டு வரமாட்டேன், இவரையும் விடமாட்டேன். ஆனால் நீங்கள் ஒருக்கா வந்தால் நல்லது.

உங்கள் மருமகள்,
பூரணி

*

இத்திக்கல்மடு, மகனின் வீடு
30.07.1993

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தாங்கள் சுகம் என்பதை இந்த விறாந்தையிலிருந்தே பார்க்கிறேன். முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனாலும் முறை என்று ஒன்று உண்டு, ஆகவே விசாரிக்கிறேன்.

வாய்ப்பேச்சு நமக்குச் சரிவராது என்பது நான் வந்த அன்றே தெரிந்துவிட்டது. "என்ட மகன் வண்டில் மாடு இல்ல" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. "மாடெண்டா தண்ணி எங்க இரிக்கெண்டு மணந்து கண்டுபிடிச்சிரிக்கும்" என்று தாங்களும் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு நாள் நின்று, கற்கண்டைக் கொடுத்துவிட்டுப் போகவே வந்தேன். (துறையில் ஒருவர் அதில் ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் விட்டார்.) நான் இக்கரையில் கால் வைத்த மறுநாளே துறையை மூடிவிட்டார்கள். றோயும் லொறியோடு தங்கள் வீட்டில் கிடக்கிறார். அங்கே என் மனைவி தனியாக. எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. பேசாமலும் இருக்க முடியாது, பேசவும் முடியாது. எனவே பூரணியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று மகன் என்னை இத்திமலைக்குக் கூட்டிப்போனான். முழங்காலோடு ஏறுவது இலேசாக இருக்கவில்லை. பாதி வழியில் அவன் ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டான். கலியாணத்துக்குப் பிறகு அவன் கையை நான் இப்போதுதான் தொடுகிறேன்.

மேலே போய்ப் பார்த்தேன். கிழக்கே வாவி தகடுபோலக் கிடந்தது. அதற்கு அப்பால் தென்னைகள், ஒரு கறுப்பு நூல்போல. "அதுதான் அப்பா நம்மட ஊர்" என்றான். நான் இவ்வளவு காலமும் பெரிய ஊர் என்று நினைத்திருந்தது அந்த நூல்தான். மேற்கே காடும் பாறையும், பாறைக்குப் பின்னால் பாறையும். கீழே தங்கள் மேடு முழுவதும் காய்ந்து செம்பட்டை நிறம். அந்தச் செம்பட்டைக்கு நடுவில் பச்சையாக ஒரு கோடு. இத்தி மரத்து வெடிப்பில் தொடங்கி, நான் கிணறு தோண்டுவித்த இடத்தைத் தொடாமல் நன்றாக விலகி, பள்ளத்தில் ஒரு மருத மரத்தடியில் போய் முடிகிறது. அந்த மரத்தைப் பற்றித் தாங்கள் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

கதிர்காமத்தம்பி

*

இத்திக்கல்மடு, கிழக்கு வீடு
31.07.1993

சம்பந்தியார் அவர்களுக்கு,

நெல் அல்ல, உளுந்து.

நேற்று மத்தியானம் றோய் இங்கே சாப்பிட்டார். சொல்ல வேண்டியதை மறக்கிற வாய், சொல்லக்கூடாததைத் தானாகச் சொல்லும். துறையில் உங்களை இருத்திவைத்தார்கள் என்று எனக்கு எழுதினீர்கள். இருத்தவில்லை, கொதிக்கிற மணலில் முழங்காலில் நிறுத்திவைத்தார்கள் என்று அவர் சொன்னார். நான் நொச்சி இலை கட்டச் சொல்லி எழுதியிருக்கிறேன். மகனுக்கும் நீங்கள் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன்.

மருதடி சின்னத்தங்கத்தின் பங்கு. காலையில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அக்காட புள்ளைக்குத் தண்ணி குடுக்காத கிணறு எனக்கென்னத்துக்கும்மா" என்றாள். அவளுக்கு அவ்வளவு விளங்கும் என்று நான் நினைக்கவில்லை. கிணறு இரண்டு வளவுக்கும் நடு எல்லையில் வரும். பாதி மூத்தவளுக்கு, பாதி இளையவளுக்கு. இளையவளுக்கு வரும் மாப்பிள்ளை தன் பாதியில் அள்ளட்டும்.

நாளை விடிய மண்வெட்டியோடு வரவும். மூலை எதுவென்று நீங்கள் சொல்ல வேண்டாம், தடி நட்டு வைத்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாடு இங்கே. பூரணியை இனிமேல் கடிதத்தோடு நடக்கவிட வேண்டாம், அவளுக்குக் கால் வீங்குகிறது. எழுத வேண்டியது ஏதும் இருந்தால் கூப்பிட்டுச் சொல்லவும்.

சீதேவிப்பிள்ளை

*

இத்திக்கல்மடு
12.12.1993

களுதாவளைச் சம்பந்தியாருக்கும் சம்பந்தியம்மாவுக்கும்,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக வீடுபோய்ச் சேர்ந்ததை றோய் சொன்னார். துறை திறந்த உடனே நீங்கள் ஓட வேண்டியிருந்ததால் மிச்சம் பார்க்கக் கிடைக்கவில்லை. பிறகு துறை திரும்பவும் மூடி, றோயும் இந்தப் பக்கம் வராமல், இவ்வளவு நாளும் எழுத முடியவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக எழுதுகிறேன்.

நீங்களும் மருமகனும் தோண்டி விட்டுப்போன குழியில் அவர் தனியாகத் தொடர்ந்தார். அங்கேயும் பாறை வந்தது. அன்று மருமகன் மேலே வந்து படுத்துவிட்டார். நான் இறங்கிப் பார்த்தேன். அது யானையின் உடம்பு அல்ல, தனியாகக் கிடந்த உருட்டுக் கல். சுற்றிவர இருந்தது உக்கிப் பொடியான பாறை, அலவாங்கு பணியாரத்துக்குள் போவதுபோல இறங்கியது. கல்லைப் புரட்டி எடுத்தார்கள். ஆனால் தண்ணீர் இல்லை.

அதற்கு இரண்டாம் நாள் ஹெலிகொப்டர் வந்தது. வட்டைக்கு மேலே சுற்றிச் சுற்றிச் சுட்டது. ஒளிக்க வேறு இடம் இல்லை. பூரணியை ஏணியில் மெதுவாக இறக்கி, நாங்கள் எல்லோரும் அந்தக் குழிக்குள் இறங்கி நெருங்கிக் குந்தியிருந்தோம். மருமகன் பூரணிக்கு மேலால் கவிந்துகொண்டு நின்றார். நெடுநேரம் யாரும் அசையவில்லை. அப்போது எனக்குக் கீழே ஈரமாக இருந்தது. சின்னத்தங்கம் பயந்துவிட்டாள், பாவம் என்று நினைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் ஈரம். அம்மாவுக்கு வயது போய்விட்டது என்று நினைத்து அவளும் பேசவில்லை. மருமகன் தன் காலைப் பார்த்தார், பிறகு மரியாதைக்கு மேலே வானத்தைப் பார்த்தார். எல்லோரும் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு அப்படியே இருந்தோம். ஹெலி போன பிறகு பூரணிதான் கேட்டாள், "இதென்ன, எல்லாரும் ஒண்டாவா?" என்று.

கல் கிடந்த இடத்து வெடிப்பிலிருந்து தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது. அரிசி கழுவிய நிறம். நாங்கள் ஏறிவிட்டோம், மருமகன் ஏறவில்லை. கணுக்கால் மூடும்வரை அதற்குள் நின்றார். கூப்பிட்டதற்கு, "அப்பாட்ட சொல்லணும்" என்றார். மறுநாள் தெளிந்தது. நல்ல தண்ணீர், உங்கள் ஊர்த் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். ஹெலி சுட்டதில் வட்டையில் இரண்டு எருமை செத்தன. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை.

பூரணிக்குப் பெண்குழந்தை, சென்ற மாதக் கடைசியில். தாயும் பிள்ளையும் நலம். மூக்கு உங்கள் பக்கம். அது பரவாயில்லை, வளர வளர மாறும்.

இப்படிக்கு,
சீதேவிப்பிள்ளை

*

களுதாவளை
09.01.1994

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கும், வழியில் வாசிப்பவர்களுக்கும் தைப்பொங்கல் வாழ்த்துகள்.

தங்கள் கடிதத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். குழிக்குள் இருந்த பந்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். முதல் தரம் சிரித்தாள். இரண்டாம் தரம் ஹெலி வந்த இடத்திலேயே நிறுத்தச் சொன்னாள்.

பிள்ளைகள் இங்கே வரவேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதை எழுதாததாக எடுத்துக்கொள்ளவும். பெண்குழந்தை பிறந்துவிட்டது. அதற்கும் அந்த வளவுதான், அந்தத் தண்ணீர்தான். மகனைத் திருப்பிக் கேட்க எனக்கு இனி வாய் இல்லை.

இன்னொரு விஷயம் மண்ணைப் பற்றியது. மருதடியில் தோண்டியபோது மேலே வந்த மண்ணைத் தாங்கள் வரம்புக்குக் கொட்டிவிட்டீர்கள். நான் அதில் ஒரு பிடியைச் சாரத்து மடியில் முடிந்து கொண்டுவந்தேன். கறுத்த மண், மலையிலிருந்து காலங்காலமாகக் கழுவி இறங்கியது, கைக்குள் பிடித்தால் நிற்கிறது, உதிர்த்தால் உதிர்கிறது. எங்கள் மணலுக்கு எவ்வளவு எரு போட்டாலும் இந்த நிறம் வராது. இந்த மண்ணில் வெங்காயம் வைத்துப் பார்த்தவர் தங்கள் ஊரில் யாரும் இல்லை. கிணற்றுக்குப் பக்கத்தில், யாருடைய சீதனத்துக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு துண்டு நிலம் தந்தால், விதை வெங்காயத்தோடு நானும் மனைவியும் வந்து ஒரு போகம் நிற்கலாம் என்று யோசிக்கிறோம். வெங்காயத்துக்காகத்தான். பிள்ளையை இடைக்கிடை தூக்கிப் பார்ப்போம்.

இந்த வயதில் சம்பந்தி வீட்டில் போய் இருப்பது முறையா என்று என் மனைவி கேட்கிறாள். முறையை நான் பார்த்துக்கொள்கிறேன், தாங்கள் இடத்தைப் பார்க்கவும்.

பணிவுடன்,
கதிர்காமத்தம்பி

*

இத்திக்கல்மடு
23.01.1994

சம்பந்தியார் அவர்களுக்கு,

எல்லோரும் சுகம். பிள்ளை இரவில் அழுவதில்லை, பகலில் விடுவதில்லை.

வெங்காயம் இங்கே வராது. வந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஒரு போகத்தில் தெரியாது, இரண்டு மூன்று போகம் நிற்க வேண்டிவரும். கிணற்றுக்குத் தெற்கே வேலி அடைத்துவைத்திருக்கிறேன். விறாந்தைக்கு ஓலையும் கட்டியாயிற்று. அந்த ஓலை யாருக்கென்று மருமகன் கேட்டார், கன்றுக்குட்டிக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் வருவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் துறையடிக்கே ஓடிவந்து நிற்பார். அங்கே அவர் நிற்கக்கூடாது. றோயும் நீங்களும் பேசாமல் லொறியில் வந்து சேருங்கள். சம்பந்தியம்மா வேலிப் படலையைத் திறக்கும்போது அவர் கிணற்றடியில்தான் நிற்பார். அப்போது தெரிந்தால் போதும்.

சீதேவிப்பிள்ளை